லிவர்பூல் விதியும் வாளையார்ப் பஞ்சும்

கேரள எல்லையில் இருக்கும் வாளையார், கஞ்சிக்கோடு பக்கத்து நூற்பாலைகளுக்கு வெளிநாட்டுப் பஞ்சு வந்துகொண்டே இருக்கிறது. தூத்துக்குடியில் கப்பலை விட்டு இறங்கி, லாரி ஏறி, மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய் வழியாக ஆலைக் குடோனுக்கு வந்து சேரும். பஞ்சு இவ்வளவு தூரம் வந்தாலும், அதை வாங்கிய ஒப்பந்தம் பெரும்பாலும் இங்கிலாந்தை விட்டு நகர்வதில்லை. ஒரே பக்கத்தில் அடங்கும் அந்த ஒப்பந்தத்தின் கடைசி வரி, இன்டர்நேஷனல் காட்டன் அசோசியேஷன் விதிகளுக்குக் கட்டுப்பட்டது என்றும், தகராறு வந்தால் லிவர்பூல் ஆர்பிட்ரேஷன் என்றும் சொல்லும். 1841-ல் லிவர்பூல் பஞ்சுப் புரோக்கர்கள் கூடி அமைத்த சங்கம் அது. 2004 முதல் இந்தப் பெயரில் இயங்குகிறது. அந்த வரி இருந்தால், ஒப்பந்தம் இங்கிலாந்தில் செய்யப்பட்டதாகவே கொள்ளப்படும். சட்டமும் அந்நாட்டுச் சட்டமே.

நான் வாளையாரில் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். அப்பா செக்போஸ்ட் பக்கத்து லாரி புக்கிங் ஆபீஸ் ஒன்றில் கணக்கு எழுதினார். ஜி.எஸ்.டி. வருவதற்கு முந்தைய காலம் அது. வரிசையில் நின்று சரக்கு தாமதமானால் யார் தலையில் கட்டுவது என்று டிரைவரும் பார்ட்டியும் போடும் சண்டையைக் கேட்டுத்தான் ஒப்பந்தம் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியவந்தது. சட்டம் படித்து முடித்ததும் எறணாகுளம் போகச் சொன்னார்கள். நான் கோயமுத்தூருக்குப் பஸ் ஏறினேன். ஆலைகளின் பஞ்சு வழக்குகளை வருஷக் கணக்கில் பார்த்துவந்த ஒரு சீனியரிடம் ஜூனியராகச் சேர்ந்தேன்.

சேர்ந்ததும் அவர் என் கையில் சட்டப் புத்தகம் எதையும் கொடுக்கவில்லை. "பஞ்சைத் தொடாம பஞ்சு ஒப்பந்தம் படிக்கக் கூடாது, அம்மிணி" என்று ஒரு ஆலைக் குடோனுக்கு அனுப்பிவிட்டார். அங்கே ஒரு பழைய புரோக்கர், பேலின் ஓரத்தைக் கிழித்து ஒரு பிடி பஞ்சை எடுத்து, இரண்டு கையாலும் இழுத்து இழுத்து, இழைகளை நேராக்கி, கறுப்புத் துணியின் மேல் பரப்பினார். கண்ணால் பார்த்தே நீளம் சொன்னார். பிறகு லேப் ரிப்போர்ட்டில் ஸ்டேபிளையும் மைக்ரோனேரையும் காட்டினார். மைக்ரோனேர் சொன்ன அளவுக்குக் கீழே போனால் பஞ்சு முதிரவில்லை என்று பொருள்; நூலில் முடிச்சு முடிச்சாக வரும், சாயம் சீராக ஏறாது. ஒப்பந்தத்தில் இருக்கும் அந்த ஒரு தசம எண் ஆலைக்காரருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது அந்தக் குடோனில்தான் எனக்கு விளங்கியது. லிவர்பூலில் தரத்துக்கு ஒரு ஆர்பிட்ரேஷனும், மற்ற தகராறுகளுக்கு வேறொரு ஆர்பிட்ரேஷனும் ஏன் தனித்தனியாக நடக்கின்றன என்பதும் அதன் பிறகு தானாகப் புரிந்தது. தரம் பார்க்க வேண்டியவருக்குத் தேவை கையும் கண்ணும். மற்றத் தகராறுகளில் நடுவர்களாக உட்காருகிறவர்களும் பஞ்சு வியாபாரத்தில் ஊறியவர்களே. பெரும்பாலும் எழுத்து வாதங்களைப் படித்தே முடிவு சொல்கிறார்கள். வாய்ச்சாலகத்துக்கு அங்கே வேலை குறைவு.

அதன் பிறகு சீனியர் 2011-ஆம் வருஷத்து வழக்குக் கட்டுகளைப் பிரித்தார். பஞ்சு வியாபாரத்தில் இருக்கும் யாரும் அந்த வருஷத்தை மறக்க மாட்டார்கள். மார்ச் மாதத்தில் சர்வதேச விலை பவுண்டுக்கு இரண்டு டாலரைத் தாண்டியது. அதற்கு முன்பு பார்த்திராத உச்சம் அது. வருஷக் கடைசிக்குள் ஒரு டாலருக்கும் கீழே வந்துவிட்டது. உச்சத்தில் ஒப்பந்தம் போட்ட ஆலைகள் பல நாடுகளில் எல்.சி., அதாவது பணத்துக்குப் பேங்க் தரும் உறுதிக் கடிதம், திறக்காமல் நின்றுவிட்டன. பெயர் சொல்லக் கூடாத ஒரு ஆலையின் கட்டும் அதில் இருந்தது. அதன் நிர்வாகம் நினைத்தது இது: "எல்.சி. திறக்கலை, சரக்கும் ஏறலை, அப்புறம் ஒப்பந்தம் எங்கே இருக்கு?" கல்லூரியில் இந்திய ஒப்பந்தச் சட்டம் படித்த எனக்கும் அந்தக் கேள்வி நியாயமாகவே பட்டது.

லிவர்பூல் விதி வேறு மாதிரி பேசுகிறது. எந்தக் காரணத்தாலும் ஒப்பந்தம் நிறைவேறாமல் போனால், அது ரத்தாகாது. சரக்கை விற்றவருக்கே சந்தை விலையில் திருப்பி விற்றதாகக் கணக்கு எழுதி முடிக்க வேண்டும். ஒப்பந்த விலைக்கும் முடித்த நாளின் சந்தை விலைக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் கை மாறும். ஒப்பந்தம் 100 டன், பவுண்டுக்கு 100 சென்ட் என்று வைத்துக்கொள்வோம். முடித்த நாளில் சந்தை 70 சென்ட். வாங்கியவர் சுமார் 66,000 டாலர் கொடுக்க வேண்டும். ஒரு பேல்கூட அசைந்திருக்காது.

இந்த விதியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். 1872-ஆம் வருஷச் சட்டத்தின் 73-ஆம் பிரிவு, ஒப்பந்தத்தை மீறியவர் மற்றவருடைய நஷ்டத்தை ஈடுகட்ட வேண்டும் என்கிறது. மீறியது யார் என்பதே அங்கே முதல் கேள்வி. 56-ஆம் பிரிவு, நிறைவேற்றவே முடியாதபடி ஆகிவிட்டால் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. லிவர்பூல் விதியில் இந்த இரண்டு கேள்விகளுக்கும் இடமே இல்லை. யார் மேல் தப்பு என்று அது தேடுவதில்லை. சந்தை எந்தப் பக்கம் போயிருக்கிறதோ அந்தப் பக்கத்துக்குப் பணம் போகும். தவறியவர் பக்கமே சந்தை போயிருந்தாலும் அப்படித்தான். முதலில் இது அநியாயமாகப் பட்டது. வியாபாரிகளின் கண்ணோட்டத்தில் பார்த்தபோது காரணம் தெரிந்தது. ஒரே பஞ்சு கப்பலில் இருக்கும்போதே பல கை மாறும். நடுவில் ஒருவர் விலகினால் சங்கிலி முழுக்க அறுந்துபோகும். ரத்து என்பதே கிடையாது என்று வைத்துவிட்டால், எல்லோருடைய கணக்கும் விலை வித்தியாசத்தில் தீர்ந்துவிடும். இந்த விதியை எந்தப் பாராளுமன்றமும் இயற்றவில்லை. நம் சட்டம் 28-ஆம் பிரிவில் ஆர்பிட்ரேஷனுக்கு ஒரு விலக்குத் தந்து வழி விட்டிருக்கிறது. அந்த வழியாக, தனியார் சங்கம் ஒன்றின் விதி வாளையார் ஆலையின் ஒப்பந்தத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு, நம் சட்டத்தின் இரண்டு பிரிவுகள் நின்றிருக்க வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. சர்வதேச ஆர்பிட்ரேஷன் ஒப்பந்தச் சட்டத்தை மாற்றுகிறது என்று கருத்தரங்குகளில் பேசுவார்கள். எனக்கு அது இந்த ஒரு விதியில் கண்ணெதிரே தெரிந்தது.

எனக்குத் தரப்பட்ட முதல் வேலையும் இங்கேதான் ஆரம்பித்தது. கணக்கை முடிக்கும் நாள் எது? ஒப்பந்தம் நிறைவேறப் போவதில்லை என்று இரு தரப்புக்கும் தெரிந்த, அல்லது தெரிந்திருக்க வேண்டிய நாள் என்கிறது விதி. சந்தை நாளுக்கு நாள் சரியும்போது, இந்த நாள் ஒரு வாரம் முன்னே பின்னே போனால் தொகை கோடிக் கணக்கில் மாறும். ஈமெயில்களை எல்லாம் பிரிண்ட் எடுத்துத் தேதி வரிசையில் அடுக்கச் சொன்னார் சீனியர். புரோக்கர், எல்.சி.யைச் சீக்கிரம் திறக்கச் சொல்லி எழுதுகிறார். ஆலை, பேங்கில் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று பதில் போடுகிறது. மறுபடியும் அதே கேள்வி, அதே பதில். பிறகு ஒரு நாள் ஆலையிலிருந்து ஒரு மெயில்: இந்த விலைக்கு எடுக்க முடியாது, விலையைத் திருத்துவது பற்றிப் பேசலாம். அந்த மெயிலைத்தான் நான் அந்த நாளாகக் குறித்துக் கொடுத்தேன். சீனியர் கட்டைப் பின்னோக்கிப் புரட்டி, அதற்கு முன்பு வந்த ஒரு சாதாரண மெயிலில் விரலை வைத்தார். ஷிப்மென்ட் மாதம் முடிந்துவிட்டது, எல்.சி. இன்னும் வரவில்லை என்று விற்றவர் எழுதி, பதிலே வராத மெயில் அது. "பதில் வராததும் ஒரு பதில்தான், அம்மிணி. இதைப் படிச்ச அன்னைக்கே ரெண்டு தரப்புக்கும் தெரிஞ்சிருக்கணும்னு நாம சொல்லலாம், எதிர்க்கட்சி நீ குறிச்ச தேதியைச் சொல்லும். நாம ரெண்டு தேதிக்கும் கணக்குப் போட்டு வச்சுக்கணும்." அன்று முதல், எந்தக் கட்டு வந்தாலும் இரண்டு மூன்று தேதிகளுக்கும் விலை தேடி, பக்கத்துப் பக்கத்தில் எழுதிவைப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். நீதிமன்ற வக்கீல் சாட்சியைத் தேடிப் போவார். இந்தத் தொழிலில் சாட்சி சந்தை விலைதான். அந்த ரகத்துக்கு, அந்த மாத ஷிப்மென்ட்டுக்கு, அன்றைய நாளில் என்ன விலை இருந்தது என்று நிரூபிக்கத் தெரிந்தவரே கெட்டிக்காரர்.

பஞ்சிலிருந்து கடலைக்கு வந்தேன். சீனியர் படிக்கச் சொன்ன பழைய வழக்குகளில் முக்கால்வாசி ஏதாவது ஒரு விளைபொருளைப் பற்றியவை. 1956 அக்டோபரில் சூடான் நிலக்கடலையை ஹாம்பர்க்குக்கு அனுப்ப ஒரு ஒப்பந்தம். நவம்பர் 2-ஆம் தேதி சூயஸ் கால்வாய் மூடிவிட்டது. ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக வேண்டும் என்பதால் விற்றவர் சரக்கை ஏற்றவே இல்லை. எண்ணெய் வித்து வியாபாரச் சங்கத்தின் ஆர்பிட்ரேஷனில் தொடங்கிய அந்தத் தகராறு, 1961-ல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை வரை போனது. பாதை நீண்டது, செலவு கூடியது, அதனால் ஒப்பந்தம் அழிந்துவிடாது என்று அங்கே முடிவானது. 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டு, பல நிறுவனங்கள் நன்னம்பிக்கை முனை வழியாகத் திருப்பிவிட்டபோது, எகிப்துப் பஞ்சு வாங்கும் ஆலைக்காரர்கள் எங்களுக்குப் போன் செய்தார்கள். அந்த நிலக்கடலைத் தீர்ப்பைத்தான் எடுத்து மேஜையில் வைத்தோம்.

நம் நாட்டில் இதே கருத்து அதற்கு முந்தைய வருஷமே வந்துவிட்டது. ராணுவத்துக்கு நெய் சப்ளை செய்த ஏஜென்டுகள், போர்க்காலத்தில் நிலைமை தலைகீழாக மாறிவிட்டது என்று கூடுதல் தொகை கேட்டு ஆர்பிட்ரேஷனில் வென்றார்கள். 1960-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை: சுமை கூடிவிட்டது என்பதற்காக ஒப்பந்தத்தை மாற்றி எழுத முடியாது. அலோபி பர்ஷாத் வழக்கு என்று எல்லாப் பாடப் புத்தகத்திலும் இருக்கும். அது ஒரு அவார்டை, அதாவது நடுவர் தீர்ப்பை, எதிர்த்துப் போன வழக்கு என்பதைக் கல்லூரியில் நான் கவனித்ததே இல்லை. டிரைமெக்ஸ் - வேதாந்தா வழக்கும் இப்படி ஆர்பிட்ரேஷன் வழியாக வந்ததுதான். பாக்சைட் சப்ளைக்கு 2007 அக்டோபரில் ஈமெயிலில் விலை சொல்லி, ஈமெயிலிலேயே ஒப்புக்கொண்டார்கள். கையெழுத்துப் போட்ட பத்திரம் கிடையாது. ஆர்பிட்ரேட்டரை நியமிக்கச் சொல்லிப் போட்ட மனுவில்தான், ஈமெயிலில் முக்கிய அம்சங்கள் ஒத்துப்போனாலே ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று 2010 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இன்று ஆலையின் பர்ச்சேஸ் மேனேஜர் வாட்ஸ்அப்பில் ஓகே போடுவதற்கு முன்பு எங்களைக் கூப்பிட்டுக் கேட்கிறார் என்றால், அதற்கு இந்தத் தீர்ப்பும் ஒரு காரணம்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது இன்னொரு நிலக்கடலை வழக்கு. நாஃபெட், அதாவது தேசிய வேளாண் கூட்டுறவு விற்பனை இணையம், 1980-ல் அலிமென்டா என்ற ஸ்விஸ் நிறுவனத்துக்கு 5,000 டன் அனுப்ப ஒப்புக்கொண்டது. சௌராஷ்டிராவில் விளைச்சல் கெட்டு, 1,900 டன் மட்டுமே போனது. மீதியை அடுத்த பருவத்தில் அனுப்புவதாக ஒரு சேர்க்கை எழுதினார்கள். அரசு அனுமதி தர மறுத்துவிட்டது. லண்டனில் எண்ணெய் வித்துச் சங்கத்தின் ஆர்பிட்ரேஷனில் நாஃபெட் தோற்றது. அவார்டை இந்தியாவில் நிறைவேற்றும் வழக்கு 2020 ஏப்ரலில்தான் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. ஏற்றுமதி தடைப்பட்டால் மீதி ரத்து என்று அந்த ஒப்பந்தத்திலேயே ஒரு ஷரத்து இருந்தது. ஆகவே இது 56-ஆம் பிரிவில் சேராது. நிகழ்வைச் சார்ந்த ஒப்பந்தம் பற்றிய 32-ஆம் பிரிவில் சேரும். அரசு அனுமதி இல்லாமல் அனுப்பியிருந்தால் சட்டமீறல். இந்த அவார்டை நிறைவேற்றுவது நம் பொதுக் கொள்கைக்கு விரோதம் என்று தீர்ப்பு.

இந்தத் தீர்ப்பை இரண்டு துண்டாகப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். ஒப்பந்தத்தை வாசித்த விதம் எனக்குச் சரியாகவே படுகிறது. எழுதுகிறவர்களுக்கு அது நல்ல பாடம். ஆனால் வெளிநாட்டு அவார்டு வாசலுக்கு வரும்போது நடுவர்கள் ஒப்பந்தத்தைச் சரியாக வாசித்தார்களா என்று நம் நீதிமன்றம் மறுபடி பார்க்கக் கூடாது. ரேணுசாகர் வழக்கு முதல், 2013-ல் வந்த ஸ்ரீ லால் மஹால் கோதுமை வழக்கு வரை உச்ச நீதிமன்றமே சொல்லி வந்தது அதைத்தான். நாஃபெட் தீர்ப்புக்கு இரண்டு மாதம் முன்பு விஜய் காரியா வழக்கிலும் அதையே அழுத்திச் சொன்னார்கள். நம் ஊர் ஏற்றுமதியாளருக்கும் நாளைக்கு ஹாம்பர்க்கிலோ ஹோ சி மின் நகரத்திலோ அவார்டை நிறைவேற்ற வேண்டிவரும். வெளிநாட்டு அவார்டுகளை நிறைவேற்றுவதற்கான 1958-ஆம் வருஷ நியூயார்க் உடன்படிக்கை இரு பக்கமும் கொடுத்து வாங்குவதில் நிற்கிறது. நாம் இங்கே தகராறின் உள்ளே புகுந்து பார்த்தால், அங்கேயும் பார்ப்பார்கள். நஷ்டம் நம் நூல் வியாபாரிக்குத்தான்.

எழுதும் வேலையில் இதெல்லாம் எப்படி வந்து சேர்ந்தது என்றால், இப்போது எந்த ஒப்பந்தம் வந்தாலும் கடைசி வரியை முதலில் படிக்கிறேன். பிறகு அச்சடித்த விதி எங்கே நம் கட்சிக்காரரைக் கடிக்கும் என்று பார்த்து, மேலே தட்டச்சு செய்யும் பகுதியில் ஒரு வரி சேர்க்கிறோம். ஏற்றுமதியையோ இறக்குமதியையோ அரசு தடை செய்தால், அதுவரை போகாத சரக்கு என்ன ஆகும்? 2010-லும் 2012-லும் இந்தியா பஞ்சு ஏற்றுமதியைத் திடீரென்று நிறுத்தியது. அப்போது பலருடைய ஒப்பந்தங்களில் இதற்குப் பதில் இல்லை. இறக்குமதி வரி மாறினால் யார் சுமப்பது? 2021 பட்ஜெட்டில் வரி வந்தபோது பஞ்சு நடுக்கடலில் இருந்த ஆலைகளுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும். விலை பேசும் ஈமெயில்களின் அடியில், எழுத்து ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை எதுவும் முடிவல்ல என்ற வரியைப் போடச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். வெளிநாட்டு விற்பனையாளர்கள் சில வரிகளை ஏற்க மாட்டார்கள். சிறிய ஆலைக்குப் பேரம் பேசும் பலம் குறைவு. அப்போதும் என்னவெல்லாம் நடக்கலாம் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்து வாங்குவோம்.

அவார்டு வந்த பிறகு செய்ய வேண்டிய வேலையில்தான் நான் பிறந்த ஊர் எனக்குக் கைகொடுத்தது. பணம் கட்டாத ஆலையின் பெயர் லிவர்பூல் சங்கத்தின் நிறைவேறாத அவார்டுகள் பட்டியலில் ஏறும். சங்க உறுப்பினர்கள் அந்த ஆலையோடு வியாபாரம் செய்யக் கூடாது. பலருக்கு அந்தப் பட்டியல் கோர்ட்டை விடப் பெரிய பயம். அதற்கும் அசையாதவர்கள் மேல் 1996-ஆம் வருஷ ஆர்பிட்ரேஷன் சட்டப்படி உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். எந்த உயர் நீதிமன்றம்? ஆலையின் சொத்து வாளையார்ச் சோதனைச் சாவடிக்குக் கேரளப் பக்கம் இருந்தால் எறணாகுளம், தமிழ்நாட்டுப் பக்கம் இருந்தால் சென்னை. தலைமை ஆபீஸ் கோயமுத்தூரிலும் மிஷின்கள் கஞ்சிக்கோட்டிலும் இருக்கும் ஆலைகள் உண்டு. வில்லேஜ் ஆபீஸில் மலையாளத்தில் இருக்கும் பதிவுகளைப் படித்து, எது யார் பெயரில் என்று சொல்ல எங்கள் அலுவலகத்தில் என்னை விட்டால் ஆள் கிடையாது. மூன்று வருஷத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று 2020-ல் வேறொரு வேதாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது. அவார்டின் அசலோ சான்றிட்ட நகலோ வேண்டும், ஒப்பந்தமும் வேண்டும். ஒப்பந்தம் ஈமெயிலில் இருந்தால், புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழையும் இணைக்கிறோம்.

இவ்வளவும் நான் கற்றது சீனியரின் வாய் வழியாகவும் பழைய கட்டுகள் வழியாகவும்தான். இதுதான் எனக்குப் பெரிய மனக்குறை. நீதிமன்றத் தீர்ப்பு அச்சில் வரும். வாளையாரில் உட்கார்ந்தும் படிக்கலாம். அவார்டு வராது. நம் ஆர்பிட்ரேஷன் சட்டத்திலேயே 2019-ல் ரகசியம் காக்கும் பிரிவைச் சேர்த்துவிட்டார்கள். இங்கிலாந்தின் தலைமை நீதிபதியாக இருந்த தாமஸ் பிரபு 2016-ல் ஒரு உரையில், வணிக வழக்குகள் ஆர்பிட்ரேஷனுக்குள் போய் மறைவதால் ஒப்பந்தச் சட்டம் வளராமல் நிற்கிறது என்று வருத்தப்பட்டார். சூயஸ் நிலக்கடலை வழக்கு பிரபுக்கள் சபை வரை போனதால்தான் நமக்கு அந்தச் சட்டம் கிடைத்தது. இன்று அதே தகராறு வந்தால் நடுவர்களோடு முடிந்து, அலமாரிக்குள் போய்விட வாய்ப்பு அதிகம். பெரிய வியாபார நிறுவனத்திடம் நூற்றுக்கணக்கான அவார்டுகள் குவிந்திருக்கும். எந்த நாளை முடிக்கும் நாளாக எடுப்பார்கள், எந்த விலையை ஏற்பார்கள் என்று அதற்குத் தெரியும். வாழ்நாளில் ஒரே ஒரு அவார்டு பார்க்கும் கஞ்சிக்கோட்டு ஆலைக்கு எதுவும் தெரியாது. ஒரே விதி இருவருக்கும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை.

இதற்கு வழி இருக்கிறது. கோயமுத்தூரில் 1933 முதல் இருக்கும் தென்னிந்திய மில்கள் சங்கம் போன்ற அமைப்புகள், உறுப்பினர் ஆலைகளின் சம்மதத்தோடு, பெயர், தொகை, நாடு எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, அவார்டுகளின் காரணங்களை மட்டும் தமிழிலும் மலையாளத்திலும் சுருக்கித் தரலாம். இதைச் சீனியரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, முதலில் நம் கட்சிக்காரர்களிடம் சம்மதக் கடிதம் வாங்கு என்றார். சில ஆலைகள் தந்திருக்கின்றன, சில மறுத்துவிட்டன. கடிதம் வந்த கட்டுகளை இப்போது சாயங்காலங்களில் பிரித்து எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் முதலில் எழுதுவது முடித்த நாள் எது, நடுவர்கள் அதை எந்த மெயிலிலிருந்து எடுத்தார்கள் என்பதைத்தான்.